மொமிஜி என்றால் பழுத்த இலை

ஜப்பானிய மர அச்சுப் படங்களைச் சேர்ப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் சொல் மொமிஜி. தமிழில் குறிப்பு எழுதும்போது இதை ‘மேப்பிள்’ என்றோ ‘இலையுதிர் காலம்’ என்றோ போட்டுவிடுகிறோம். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இலை குளிரில் நிறம் மாறுவதைச் சொல்லும் பழைய ஜப்பானிய வினைச்சொல் ஒன்று உண்டு: மொமிஸு. அதிலிருந்து பிறந்த பெயர்தான் மொமிஜி. 8ஆம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்பான மன்யோஷுவில் இதைப் பெரும்பாலும் ‘மஞ்சள் இலை’ எனப் பொருள்படும் சீன எழுத்துகளில் எழுதினார்கள். ‘சிவந்த இலை’ என்ற எழுத்துகள் அப்புறம் நிலைத்தன. மற்ற மரங்களைவிட அழகாகச் சிவப்பது மேப்பிள் என்பதால், காலப்போக்கில் அந்த மரத்துக்கே மொமிஜி என்று பெயர் வந்துவிட்டது. ஆக, மரம் என்பது பின்னால் சேர்ந்த பொருள்.

ஜப்பானிய மர அச்சுக் கலைஞர் ஹிரோஷிகே, ‘மாமா’ (Mama) என்ற ஜப்பானிய ஊரைக் காட்டி 1857இல் வெளியிட்ட படத்தைப் பாருங்கள். தலைப்பிலேயே மொமிஜி இருக்கிறது. முன்னால் பெரிய மேப்பிள் மரம். அதன் கிளைகளுக்கு நடுவே கோயிலும் பாலமும் தூரத்து மலையும். அவர் காட்ட வந்தது கிளையில் சிவந்து நிற்கும் இலையை. உதிர்வதை அல்ல. அதை ‘இலையுதிர்’ என்று சொன்னால் படத்தின் உயிரே போய்விடும்.

இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: பழுத்தல். வேப்பிலை பழுத்துவிட்டது என்கிறோம். பழுப்பு என்ற நிறப்பெயரும் அந்த வேரில் வந்ததுதான். மஞ்சளுக்கு மட்டும்தானே அது பொருந்தும் என்று தோன்றலாம். ‘பழுக்கக் காய்ச்சிய இரும்பு’ என்னும்போது அது செக்கச்செவேல் என்றுதானே இருக்கிறது! எனவே மொமிஜிக்குப் ‘பழுத்த செவ்விலை’ என்று எழுதலாம்.

மொமிஜிகாரி என்ற தலைப்பும் கண்ணில் படும். காரி என்றால் வேட்டை; செவ்விலைகளைத் தேடிப்போய்ப் பார்ப்பது. புத்தக வேட்டை என்று சொல்கிற நமக்கு ‘செவ்விலை வேட்டை’ இயல்பாகவே வரும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய அச்சுகளில் சிவப்புக்கு ஈயச் செந்தூரம் பூசியிருந்தால் அது காற்றுபட்டு நாளடைவில் கறுக்கும். அந்தக் கறுப்பை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.