கரையாத வாயுதான் முதலில் தூங்க வைக்கும்

நாலு வயதுக் குழந்தைக்கு ஊசி போட்டு மயக்கம் கொடுப்பது பெரும்பாடு. அதனால் முகத்தில் மாஸ்க்கை வைப்பார்கள். குழாயின் மறுமுனையில், மஞ்சள் அடையாளம் போட்ட வேப்பரைசர் என்ற ஆவியாக்கியில், செவோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்துத் திரவம் ஆவியாகிக்கொண்டிருக்கும். மயக்க மருத்துவர் அதன் திருகை 8 சதவீதத்துக்குக் கொண்டுபோவார். கொஞ்சம் அழுகை, கையை ஒரு உதறல், கண் சொருகிவிடும். ஒன்றிரண்டு நிமிடம்தான். அழுகிற குழந்தை இன்னும் சீக்கிரம் மயங்கும். ஒவ்வொரு விம்மலுக்கும் மருந்தை அள்ளி உள்ளே இழுக்கிறதே!

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஊரறியச் செய்து காட்டிய ஈதர் இப்படி இல்லை. மயங்க நெடுநேரம் பிடிக்கும். நடுவில் இருமல், திமிறல். தெளிவதற்கும் அதே இழுபறி.

சரி, ஈதருக்கு வலு போதவில்லையா? அதுதான் இல்லை. இந்த மருந்துகளின் வலுவை அளக்க ‘மேக்’ என்று ஒரு கணக்கு உண்டு. கத்தி படும்போது பாதிப் பேர் அசையாமல் கிடக்க, நுரையீரலின் காற்றறைகளில் மருந்து எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்பதே அது. செவோஃப்ளூரேனுக்கு ஏறக்குறைய 2. ஈதருக்கு 1.9. வலுவில் இரண்டும் ஒன்றுதான். (சிரிப்பூட்டும் வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு இந்தக் கணக்கு 104 என்று வரும். நூறு சதவீதத்துக்கு மேல் எதைக் கொடுப்பது? ஆக்சிஜனுக்கும் இடம் விட வேண்டுமே. அதனால்தான் முழு மயக்கத்துக்கு அது துணைக்கு மட்டும்.)

வித்தியாசம் ரத்தத்தில் கரைவதில் இருக்கிறது. காற்றும் ரத்தமும் ஒரே அழுத்தத்துக்கு வந்து நிற்கும்போது, ஒரு லிட்டர் காற்றில் இருப்பதைப்போல 12 மடங்கு ஈதர் ஒரு லிட்டர் ரத்தத்தில் கரைந்திருக்கும். செவோஃப்ளூரேன் 0.65 மடங்குதான். நன்றாகக் கரைந்தால் வேகமாக வேலை செய்யும் என்றுதானே தோன்றும்? நேர்மாறு.

சங்கிலியாக அமைந்த நம் ஊர் ஏரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். ரத்தம் மேல் ஏரி, மூளை கீழ் ஏரி. மூளைக்குக் கணக்கு, ரத்தத்தில் எவ்வளவு மருந்து கிடக்கிறது என்பதல்ல. நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது, அதாவது வாயுவின் அழுத்தம் எவ்வளவு என்பதுதான். ஈதருக்கு ரத்தம் கடல்போல விரிந்த ஏரி. கொட்டக் கொட்டக் குடித்துக்கொண்டே இருக்கும், மட்டம் ஏறாது. செவோஃப்ளூரேனுக்கு அதே ரத்தம் ஒரு குட்டை. நாலு மூச்சில் தளும்பிவிடும். திருகை மூடியதும் குட்டை சீக்கிரம் வற்றும், ஏரி வற்ற நேரமாகும். பயத்தில் இதயம் படபடவென்று அடிக்கிறவர் மெதுவாக மயங்குவதும் இதனால்தான். நுரையீரல் வழியே ஓடும் ரத்தம் கூடினால் நிரப்ப வேண்டிய ஏரியும் பெரிதாகிறது. ஈதர்போல நன்றாகக் கரையும் மருந்தில் இந்தத் தாமதம் பளிச்சென்று தெரியும்.

மூளைக்குப் போனபின் என்ன? ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கு வலு கூடுகிறது என்று 1899-ல் ஹான்ஸ் மேயரும் 1901-ல் சார்லஸ் ஓவர்ட்டனும் கண்டார்கள். நரம்பணுவின் கொழுப்புச் சவ்வில் மருந்து ஊறிப்போவதே காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். இப்போது பார்வை அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் மேல் திரும்பியிருக்கிறது. நரம்பை அடக்கும் ‘காபா’ ஏற்பி அவற்றில் ஒன்று. அதன் கதவை இந்த ஆவிகள் கூடுதல் நேரம் திறந்து வைக்கின்றன. நைட்ரஸ் ஆக்சைடின் வழி வேறு. அது நரம்பைத் தூண்டும் ‘என்எம்டிஏ’ ஏற்பியைத் தடுக்கிறது.

வேகத்தில் செவோஃப்ளூரேனையும் முந்துவது டெஸ்ஃப்ளூரேன், 0.42 மடங்கு. ஆனால் 23 டிகிரியிலேயே கொதிக்கும். ஏசி இல்லாத சென்னை அறையில் பாட்டிலைத் திறந்தால் கதை முடிந்தது. அதனால் சூடேற்றி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தனி வேப்பரைசர் வேண்டும். நெடியும் அதிகம், மூச்சுக்குழாய் எரியும். குழந்தைக்கு மாஸ்க் வைக்க உதவாது. ஒரு நல்ல குணம் உண்டு. ஹாலோத்தேன் என்ற பழைய மயக்க மருந்தில் ஐந்தில் ஒரு பங்கை ஈரல் சிதைத்தது, சிலருக்கு ஈரலே பழுதானது. டெஸ்ஃப்ளூரேனில் சிதைவது 0.02 சதவீதம்தான்.

மீதி அத்தனையும் மூச்சோடு வெளியேறி, குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகிறது. உடம்பில் சிதையாத அந்த மூலக்கூறு வானத்திலும் எளிதில் சிதைவதில்லை. நூறாண்டுக் காலத்துக்குக் கணக்குப் போட்டால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 2023-ல் ஸ்காட்லாந்து தன் அரசு மருத்துவமனைகளில் அதை நிறுத்திவிட்டது.