குளிர் இரவில் கூடாரத்தின் வெப்பம் எங்கே போகிறது?

வனவிலங்குச் சரணாலயத்தில் குளிர்காலத்தில் கூடாரமடித்துத் தங்குவோர் பலர், கனமான ஸ்லீப்பிங் பேக் ஒன்றே போதும் என்று நம்பிப் போகிறார்கள். நள்ளிரவுக்குப் பின் முதுகு சில்லிட்டு விழித்துக்கொள்கிறார்கள். உடல் வெப்பம் தரைக்குள் இறங்குவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஸ்லீப்பிங் பேக் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடல் உண்டாக்குவதை வெளியேறவிடாமல் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அதையும் செய்வது துணியல்ல, உள்ளே அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஈரமண்ணும் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும். நாம் படுத்ததும் முதுகின் கீழுள்ள பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறிவிடுகிறது. அந்த இடத்தைக் காப்பது பாய் மட்டுமே. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே பொருள்தான் வாங்க முடியும் என்றால், தடித்த நுரைப்பாயைத்தான் நான் சொல்வேன்.

வானமும் வெப்பத்தை இழுக்கிறது. மேகமில்லாத இரவில் தரையும் கூடாரத் துணியும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை மேலே இழக்கின்றன. திரும்பி வருவது குறைவு. அதனால் துணி சுற்றுக் காற்றைவிடவும் குளிர்ந்து, நம் மூச்சிலுள்ள நீராவி அதன் உட்புறத்தில் துளிகளாகப் படிகிறது. குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை எல்லாம் மூடிவிட்டால் ஈரம் இன்னும் கூடும். நனைந்த பஞ்சு காற்றைப் பிடித்து வைக்காது. மரக்கிளைகளின் கீழ் கூடாரம் போட்டால் பனி குறைவு, ஏனெனில் இலைகள் தம் வெப்பத்தைக் கீழே அனுப்புகின்றன. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஏரிக்கரையைவிடச் சில மீட்டர் உயரமான மேடு கதகதப்பாக இருக்கும். கரையும் பறவைகளுக்கே விடப்படும் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அந்தப் பறவைகள் இதே சிக்கலை அழகாகச் சமாளிக்கின்றன. வாத்தின் காலில், கீழிறங்கும் சூடான ரத்தத்தின் குழாயும் மேலேறும் குளிர்ந்த ரத்தத்தின் குழாய்களும் ஒட்டியே ஓடுகின்றன. வெப்பம் பாதத்தை எட்டும் முன்பே மேலேறும் ரத்தத்துக்கு மாறி, உடலுக்குத் திரும்பிவிடுகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலேயே இருப்பதால் பனிக்கட்டிக்கும் அதற்கும் வெப்பநிலை வேறுபாடு சொற்பம், இழப்பும் சொற்பம். ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டால் அதுவும் குறைகிறது.