அச்ச நினைவு இளகும் சில மணி நேரம்

“பல ஆண்டுகளுக்கு முன் நடந்த விபத்து இன்றும் என்னை நடுங்க வைக்கிறது, அந்த நினைவை மூளையிலிருந்து நீக்கிவிட முடியுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நினைவை நீக்கும் சிகிச்சை எதுவும் இல்லை. ஆனால் நடந்தது நினைவில் இருக்க, அதனோடு ஒட்டிக்கொண்ட அச்சத்தை மட்டும் தளர்த்த முடியுமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆபத்தை உணரும்போது மூளையின் அமிக்டலா பகுதி விழித்துக்கொள்வதும், உடலை உஷார்ப்படுத்தும் நார்அட்ரீனலின் என்னும் வேதிப்பொருள் பெருகுவதும், அந்த நேரத்து நினைவு வழக்கத்தைவிட ஆழமாகப் பதிவதும் பலரும் அறிந்தவை. ஆபத்து விலகிய பின்னும் ஒரு சத்தமோ வாசனையோ அதே பதற்றத்தை மாதக்கணக்கில் எழுப்பிக்கொண்டே இருந்தால் அது நோயாகிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் (PTSD) என்ற பெயரில், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980இல் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. அச்சமூட்டுவதைப் பாதுகாப்பான சூழலில் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளச் செய்வது இதற்கான முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்று. இது பலருக்கு நல்ல பலன் தருகிறது. என்றாலும், பழைய அச்ச நினைவு இதனால் பெரும்பாலும் அழிவதில்லை. “இப்போது ஆபத்தில்லை” என்னும் புதிய நினைவொன்று உருவாகி, முன்மூளையின் உதவியோடு பழையதை அடக்கி வைக்கிறது. இடமோ சூழலோ மாறும்போது அடங்கியிருந்த அச்சம் மீண்டும் தலைதூக்குவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் பழைய நினைவையே தொட முடியாதா? ஒருமுறை உறுதிப்பட்ட நினைவு சிலைமேல் எழுத்து என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் வெகுகாலம் நம்பினார்கள். 1968இல் வெளியான ஓர் எலி ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தபோதும் அது போதிய கவனம் பெறவில்லை. 2000ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடர், கிளென் ஷாஃபே, ஜோசஃப் லெடூ ஆகியோர் செய்த சோதனைதான் திருப்பத்தை உண்டாக்கியது. ஓர் ஒலி கேட்டவுடன் மின்னதிர்ச்சி வரும் என்று எலிகளுக்குப் பழக்கினார்கள். நினைவு நன்கு உறுதிப்பட்ட பிறகு அந்த ஒலியை ஒரே ஒருமுறை கேட்கச் செய்து, உடனே அமிக்டலாவுக்குள் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். மறுநாள் ஒலி கேட்டபோது, அச்சத்தில் உறைந்துபோகும் அவற்றின் வழக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது.

இந்தச் சோதனையின் அழகு அதன் ஒப்பீடுகளில் இருக்கிறது. ஒலியைக் கேட்காமல் மருந்து மட்டும் பெற்ற எலிகளுக்கு அச்சம் குறையவில்லை. ஒலியைக் கேட்டு 6 மணி நேரம் கழித்து மருந்து பெற்றவற்றுக்கும் குறையவில்லை. பழக்கி 14 நாள் ஆன நினைவுகூட, ஒலியால் எழுப்பப்பட்ட உடனே மருந்து செலுத்தியபோது வலுவிழந்தது. அதாவது, நினைவுகூரும்போது அந்த நினைவைத் தாங்கும் நரம்பிணைப்புகள் சிறிது நேரம் இளகுகின்றன. மீண்டும் உறுதிப்பட அவற்றுக்குப் புதிய புரதங்கள் தேவைப்படுகின்றன. நினைத்துப் பார்ப்பது பழைய பதிவைப் படிப்பதோடு முடிவதில்லை, அதை மீண்டும் எழுதுவதுமாகும் என்ற இந்த எண்ணம், எத்தனை முறை படித்தாலும் என்னை வியக்க வைக்கிறது.

எலிக்குக் கொடுத்த மருந்தை மனிதருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் மெரெல் கிண்ட் குழுவினர், இரத்த அழுத்தத்துக்கு வழங்கப்படும் புரோப்ரனலால் மாத்திரையைப் பயன்படுத்தினார்கள். அது மூளைக்குள்ளும் சென்று, நார்அட்ரீனலின் ஒட்டிச் செயல்படும் பீட்டா ஏற்பிகளை மறிக்கிறது. 2009இல் வெளியான அவர்களது ஆய்வில், ஒரு படத்தைக் கண்டால் மின்னதிர்ச்சி வரும் என்று முதலில் பழக்கப்பட்டு, பின்பு மாத்திரை எடுத்துக்கொண்டு அச்ச நினைவை எழுப்பியவர்களுக்கு, எந்தப் படத்துக்குப் பின் மின்னதிர்ச்சி வரும் என்பது மறுநாளும் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தப் படத்தைக் கண்டு திடுக்கிடும் உடல் அச்சம் மறைந்திருந்தது. அறிவு நிற்க அச்சம் மட்டும் விலகுவது, துன்புற்றவர் தம் கடந்த காலத்தை இழக்காமலே ஆறுதல் பெறலாம் என்ற நம்பிக்கையைத் தருகிறது.

2018இல் அலன் புருனே குழுவினர், நெடுங்காலமாக இந்நோயால் வருந்திய 60 பேரிடம் இதைச் சோதித்தார்கள். நோயாளிகள் மாத்திரை எடுத்துக்கொண்டு, நடந்ததைத் தாமே எழுதிப் படித்தார்கள். வாரம் ஒருமுறையாக ஆறு வாரங்கள் இது நடந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட, புரோப்ரனலால் பெற்றவர்களுக்கு நோய்க்குறிகள் அதிகம் குறைந்தன. இருப்பினும், இத்துறையின் பிற ஆய்வுகள் சில இதே போன்ற பலனைக் காட்டவில்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் சிறு முரண் இருந்தால்தான் நினைவு இளகுகிறது என்பது ஒரு விளக்கம். நினைவூட்டல் பழையபடியே இருந்தால் நினைவு அசைவதில்லை. அளவுக்கு மீறி நீண்டால் அடக்கி வைக்கும் புதிய நினைவே உருவாகிறது. சரியான அளவு ஆளுக்கு ஆள் மாறக்கூடும் என்பதால், பெரிய அளவிலான ஆய்வுகள் கட்டாயம் தேவை.

புரோப்ரனலால் 1960களில் உருவான, காப்புரிமை எப்போதோ முடிந்துபோன, விலை மலிவான மருந்து. அதற்குப் பெரும் பொருட்செலவில் ஆய்வு நடத்தினால் நிறுவனங்களுக்கு வருமானம் வராது. இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகளே பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மனத்திடம் இல்லாதவர்களுக்கே இந்நோய் வரும் என்ற பொய்யான எண்ணம் நிலவும் வரை, அந்தப் பணத்தைக் கேட்டுப் பெறவும் ஆட்கள் குறைவாகவே இருப்பார்கள்.

வேறு வழிகளும் ஆராயப்படுகின்றன. காந்தத் துடிப்புகளால் முன்மூளையைத் தூண்டும் முறை சோதனையில் உள்ளது. எம்.டி.எம்.ஏ. என்னும் போதைப்பொருளை உளச்சிகிச்சையோடு சேர்த்து வழங்க ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் குறிப்பிட்ட மனநல மருத்துவர்களை அனுமதித்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ 2024 ஆகஸ்டில் ஒப்புதல் தர மறுத்து மேலும் ஓர் ஆய்வைக் கேட்டது.

கேள்வி கேட்ட வாசகர் இவை முதிரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சையும், கண்ணசைவோடு நினைவுகூரச் செய்யும் சிகிச்சையும் இப்போதே பயன்பாட்டில் உள்ளன. அவற்றுக்கு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ அணுகலாம். புரோப்ரனலாலைத் தாமாக வாங்கி முயன்று பார்க்கக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழல்களைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.