எல்லைப் பிணக்கு: அது விவாதமும் அல்ல, போரும் அல்ல

பெங்களூரில் தமிழ்ச் செய்தி கேட்பவர்களுக்கு ‘எல்லை விவாதம்’ பழகிப்போன தொடர். கர்நாடகமும் மகாராஷ்டிரமும் உரிமை கோரும் பெலகாவி பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், அது வந்துவிடும். கன்னடத்தில் ‘கடி விவாத’ என்கிறார்கள், இந்தியில் ‘சீமா விவாத்’ என்கிறார்கள். நம்மவர் முதல் பாதியைத் தமிழாக்கிவிட்டு, இரண்டாம் பாதியை அப்படியே இறக்கி வைத்துவிடுகிறார். அவசரச் செய்தி, போகட்டும் என்று இத்தனை நாள் விட்டிருந்தேன். அண்மையில் ஒரு தமிழ்க் காணொளியில் 1859-இல் நடந்த பன்றிக் கதையைச் சொன்னவர், தலைப்பில் ‘பன்றிப் போர்’ என்று போட்டு, உள்ளே ‘அமெரிக்க பிரிட்டன் எல்லை விவாதம்’ என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். நடந்தது போரா, பட்டிமன்றமா என்று கேட்பவருக்குக் கடைசிவரை புரிந்திருக்காது.

கதை தெரியாதவர்களுக்காக: வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே சான் வான் என்று ஒரு தீவு. அமெரிக்காவும் பிரிட்டனும் 1846 ஜூன் 15 அன்று கையெழுத்திட்ட ஆரிகன் உடன்படிக்கை, பெருநிலத்தையும் வான்கூவர் தீவையும் பிரிக்கும் கடற்கால்வாயின் நடுவே எல்லை போகும் என்றது. கையெழுத்துப் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அங்கே கால்வாய் ஒன்றல்ல. மேற்கே ஹாரோ, கிழக்கே ரொசாரியோ. ஹாரோ வழியாகக் கோடு போட்டால் தீவு அமெரிக்காவுக்கு, ரொசாரியோ வழியாகப் போட்டால் பிரிட்டனுக்கு. இரு தரப்பும் தமக்கு வசதியானதையே ‘அந்தக் கால்வாய்’ என்றன. பிரிட்டன் பக்கத்து ஹட்சன் பே கம்பெனி அங்கே ஆட்டுப் பண்ணை போட்டது. அமெரிக்கர்கள் சிலர் குடியேறி உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். உடன்படிக்கை எழுதி 13 ஆண்டு முடிந்த அதே ஜூன் 15-ஆம் தேதி, கம்பெனியின் பன்றி ஒன்று லைமன் கட்லர் என்ற அமெரிக்கரின் தோட்டத்தில் கிழங்கைத் தோண்டித் தின்றது. அவர் சுட்டுவிட்டார். 10 டாலர் தருகிறேன் என்றார்; பண்ணைப் பொறுப்பாளர் கிரிஃபின் 100 கேட்டார். பேச்சு முற்றி, கட்லரைக் கைது செய்வோம் என்ற மிரட்டலில் வந்து நின்றது. ஜூலை முடிவதற்குள் கேப்டன் ஜார்ஜ் பிக்கெட் அமெரிக்கப் படையோடு கரையிறங்கினார். ஆகஸ்டில் 461 அமெரிக்கர்களுக்கு எதிரே 5 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் 2,000-க்கும் மேற்பட்ட ஆட்களும் நின்றார்கள். பன்றியைத் தவிர யாரும் சாகவில்லை.

இப்போது சொல்லுக்கு வருவோம். ‘எல்லை விவாத’த்துக்குப் பதிலாக நான் சொல்வது ‘எல்லைப் பிணக்கு’. ‘எல்லை’ நம் சொல். கன்னடத்தில் ‘எல்லே’, தெலுங்கில் ‘எல்ல’. அதில் யாருக்கும் குறையில்லை. ‘பிணக்கு’ என்பது பிணங்குதல் என்ற வினையின் பெயர். பிணங்குதலுக்கு ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது என்றும் பொருள், ஒத்துப்போகாமல் இருப்பது என்றும் பொருள். ஒரே நிலத்தின்மேல் இரண்டு உரிமைகள் பின்னிக்கொண்டு பிரிய மறுப்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் சொல் எனக்குத் தெரியவில்லை. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

‘விவாதம்’ தவறு என்றால், அது வடசொல் என்பதால் அல்ல. வடமொழியில் அது மிகச் சரியான சட்டச் சொல். மனுநூல் வழக்குகளைப் பதினெட்டுத் தலைப்பாகப் பிரிக்கிறது; அதில் ஒன்றின் பெயரே சீமா விவாதம். அதற்கு முந்தைய தலைப்பு, கால்நடைக்கு உடையவனுக்கும் மேய்ப்பவனுக்கும் வரும் வழக்கு. பயிரை மேய்ந்த விலங்குக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் அங்கேதான் வருகிறது. சான் வான் பன்றிக்கு அடுத்தடுத்து இரண்டு தலைப்பிலும் இடம் உண்டு! ஆக, கன்னடக்காரர் ‘கடி விவாத’ என்றால் முழுக்கச் சரி. இந்திக்காரர் சொன்னாலும் சரி. அந்த மொழிகளில் அந்தச் சொல் ‘உரிமைச் சண்டை’ என்ற பழைய பொருளை இழக்கவில்லை.

தமிழில் இழந்துவிட்டது. நமக்கு விவாதம் என்றால் வாதமும் எதிர்வாதமும், வாயால் நடப்பது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை மீது விவாதம் நடக்கும். தொலைக்காட்சியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதற்கும் அதுதான் பெயர். ‘பெலகாவி எல்லை விவாதம்’ என்று ஒரு தமிழர் படித்தால், பெலகாவியில் சட்டமன்றக் கூட்டம் நடக்கிறது, அங்கே எல்லையைப் பற்றிப் பேசினார்கள் போல என்றுதான் எடுத்துக்கொள்வார். வேடிக்கை என்னவென்றால் அங்கே சட்டமன்றக் கட்டடமும் இருக்கிறது, கூட்டமும் நடக்கிறது. ஒருநாள் ‘எல்லை விவாதம் குறித்து விவாதம்’ என்றே ஒரு தலைப்பைப் பார்த்தேன். இரண்டு விவாதமும் இரண்டு பொருளில்! எழுதியவருக்கு உறுத்தவே இல்லை. இந்த எல்லைக்காக 1966-இல் மகாஜன் ஆணையத்தை அமைத்தது, யார் நன்றாகப் பேசினார்கள் என்று மதிப்பெண் போடவா? எந்த ஊர் யாருக்கு என்று சொல்லத்தானே?

இது பெங்களூர்த் தமிழுக்கே உரிய நோய் என்று சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். அங்கே எல்லாமே ‘பிரச்சினை’. எல்லைப் பிரச்சினை, நதிநீர்ப் பிரச்சினை, குழாயில் தண்ணீர் வராததும் பிரச்சினை. எதற்கும் பொருந்தும் சொல் எதையும் குறிக்காது. இங்கே பக்கத்து மொழியின் சொல் தவறான பொருளில் வருகிறது, அங்கே சொந்தச் சோம்பல். அவ்வளவுதான் வேறுபாடு.

அடுத்து ‘தகராறு’. பேச்சிலும் நாளிதழிலும் நிலைத்த சொல். றகரம் போட்டு எழுதுவதால் அசல் தமிழ்போலத் தோற்றம். தனித்தமிழ் அன்பர் ஒருவர், ‘தகர்’ என்றால் ஆட்டுக்கிடாய், குறளில்கூட ‘பொருதகர்’ வருகிறதே, கிடாய் முட்டிக்கொள்ளும் வழிதான் ‘தகர் ஆறு’ என்று எனக்கு அரை மணி நேரம் விளக்கினார். அழகான கற்பனை. உண்மையில் அது ‘தக்ரார்’ என்ற அரபுச் சொல். திரும்பத் திரும்பச் சொல்வது என்று பொருள். பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்து, அரசுக் கச்சேரிக் காகிதங்களோடு நாடெங்கும் பரவியது. இந்தியில் வாய்ச்சண்டை, மராத்தியில் புகார், கன்னடத்தில் ஆட்சேபம், தமிழில் கைகலப்பு வரைக்கும் போய், ‘மோட்டார் தகராறு பண்ணுது’ என்பதில் பழுது என்றும் ஆகிவிட்டது.

கன்னடத்துக்கும் தமிழுக்கும் உள்ள இந்த இடைவெளியை ஆனேக்கல் பக்கம் ஒரு வயலில் நேரில் பார்த்தேன். நண்பரின் அம்மாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம். பக்கத்துக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று ‘ஹத்துபஸ்து’ என்ற எல்லை அளவைக்கு மனுக் கொடுத்திருந்தார்கள். சர்வேயர் கல்லைத் தேடி முள்ளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே, “தகராரு ஏனாதரூ இதெயா அம்மா?” என்று மரியாதையாகக் கேட்டார். ஆட்சேபம் ஏதாவது உண்டா என்பதுதான் கேள்வி. அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “நாங்க எதுக்கு சார் தகராறு பண்ணப் போறோம்? அளந்து குடுங்கன்னுதானே வந்தோம்!” அவரைச் சமாதானப்படுத்தி, சர்வேயருக்கும் விளக்கிச் சொல்லி, அப்புறம்தான் சங்கிலியைப் பிரித்தார்கள்.

பேச்சிலிருந்து தகராறை விரட்டச் சொல்லவில்லை. வரப்புத் தகராறு என்றால் அதில் உள்ள காரம் வேறு எதிலும் வராது. ஆனால் இரண்டு அரசுகள் ஓர் உடன்படிக்கையின் சொற்களுக்கு இரண்டு பொருள் சொல்லி 26 ஆண்டு கடிதம் எழுதிக்கொண்டிருந்ததைத் தகராறு என்றால், அந்த அம்மாவுக்கு வந்த கோபம்தான் படிப்பவருக்கும் வரும். தனித்தமிழ் அன்பர்களுக்கு இன்னொன்று. தகராறு வேண்டாம் என்பவர்கள், அயல்நாட்டுப் படை எல்லை தாண்டினால் ‘அத்துமீறல்’ என்று தயங்காமல் எழுதுகிறார்கள். அந்த ‘அத்து’ எது? ‘ஹத்’ என்ற அரபுச் சொல், பொருள் எல்லை. ஆனேக்கல் ஹத்துபஸ்துவில் இருக்கும் அதே ஹத்து. பிறப்புச் சான்றிதழ் கேட்பதென்றால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். நான் கேட்பது பிறப்பை அல்ல, தெளிவை.

தெளிவு என்றதும் ‘பன்றிப் போர்’ மேல் கோபம் திரும்புகிறது. தமிழில் விலங்கின் பெயருக்குப் பின் ‘போர்’ வந்தால் அந்த விலங்குகள் மோதிக்கொள்கின்றன என்று பொருள். சேவற்போர், யானைப்போர், கிடாய்ப்போர். வைக்கோற்போரை நினைத்தால் பன்றிகளைக் குவித்து வைத்திருக்கிறார்களோ என்றும் தோன்றும். ஆங்கிலேயர் தம் மொழியில் அதைப் போர் என்றது கிண்டலாக. கிண்டலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் கொண்டுவந்தவர்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள். ஒருவர் இன்னும் ஒருபடி போய், பன்றிக்குக் கேழல் என்ற பழஞ்சொல்லைப் போட்டுக் ‘கேழற்போர்’ என்று ஆக்கியிருந்தார். பன்றி என்ன வடமொழியா, ஐயா?

நிகழ்ச்சிக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் ‘பன்றிப் பூசல்’ போதும். பூசல் பழந்தமிழில் ஆரவாரமும் ஆகும், சண்டையும் ஆகும். ஆநிரை கவர்ந்து அதை மீட்கப் போய் மூளும் சண்டைக்குத் ‘தொறுப்பூசல்’ என்று பெயர். தொறு என்றால் மாட்டு மந்தை. செங்கம் பகுதி நடுகற்களில் தொறு மீட்டு மாண்டவர்கள் நிற்கிறார்கள். இந்தக் கன்னட நாட்டு வீரக்கற்களிலும் அதே சொல் ‘துறு’ என்று இருக்கிறது. கால்நடையை வைத்து எல்லையோரத்தில் மூளும் சண்டைக்கு நம்மிடம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பெயர் இருக்கும்போது போரை ஏன் கடன் வாங்க வேண்டும்? இன்றைக்கும் ‘உட்கட்சிப் பூசல்’ என்கிறோம். ஆள் சாகாத, ஆனால் சத்தம் பலமான சண்டை. சான் வானில் நடந்தது அதேதான். வான்கூவர் தீவின் பிரிட்டிஷ் ஆளுநர் டக்ளஸ் அமெரிக்கர்களை விரட்டும்படி சொன்னபோது, ஒரு பன்றிச் சச்சரவுக்காக இரண்டு பெரிய நாடுகளைப் போரில் இழுக்க மாட்டேன் என்று ரியர் அட்மிரல் பெய்ன்ஸ் மறுத்ததாகச் சொல்வார்கள். போர் அல்ல என்று களத்தில் நின்ற கடற்படைக்காரருக்கே தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் என்றால் அந்தப் பன்றியைப் பிடித்துப் பவுண்டு என்னும் கால்நடைப் பட்டியில் அடைத்து, அபராதம் வாங்கிக்கொண்டு அவிழ்த்துவிட்டிருப்பார்கள். 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டம் யானை, ஒட்டகத்தோடு பன்றியையும் கால்நடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

‘பிணக்கு’க்கு ஒரு தடை சொல்வார்கள்: அது காதலர் ஊடல் அல்லவா, அரசுகளுக்குப் பொருந்துமா? பொருந்தும். இலங்கையில் ‘தொழிற் பிணக்கு’ என்பது அன்றாடச் சட்டச் சொல். நாம் ‘தொழில் தகராறு’ என்று எழுதும் இடத்தில் அவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். அங்கே தொழிலாளியையும் முதலாளியையும் யாரும் காதலர்களாக நினைப்பதில்லை. காது பழகாததுதான் குறை என்றால், ஒரு மாதம் செய்தியில் சொல்லிப் பாருங்கள், பழகிவிடும். ஆகவே 1846 முதல் நடந்தது எல்லைப் பிணக்கு, 1859-இல் நடந்தது பன்றிப் பூசல்.

முடிவைப் பற்றியும் அந்தக் காணொளியில் ஒரு பிழை. ‘ஜெர்மன் கெய்சர் சமரசம் செய்துவைத்தார்’ என்றார்கள். 1859-இலேயே அமெரிக்கத் தளபதி ஸ்காட் வந்து பேசி, தீவின் இரு முனையில் இரு முகாம், இருவரும் சேர்ந்து காவல் என்று ஏற்பாடு செய்தாரே, அதை வேண்டுமானால் சமரசம் எனலாம். கெய்சர் முதலாம் வில்லியமிடம் போனது நடுவர் தீர்ப்புக்காக. காவிரிக்கு 1990-இல் அமைந்ததை ‘நடுவர் மன்றம்’ என்று சரியாகவே சொல்லிப் பழகியவர்கள் நாம். இங்கே மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? நடுவே ஒரு கோடு போட்டு ஆளுக்குப் பாதி கொடுக்கும் உரிமை கெய்சருக்குத் தரப்படவே இல்லை. ஹாரோவா, ரொசாரியோவா என்பது மட்டுமே கேள்வி. மூவர் குழு கூடி ஆராய்ந்தது. 1872 அக்டோபர் 21 அன்று கெய்சர் ஹாரோ என்று சொன்னார், தீவு முழுவதும் அமெரிக்காவுக்குப் போனது.