தாயாதியில் தாய் இல்லை

"வாதியும் இரண்டாம் பிரதிவாதியும் தாய்வழி உறவினர்கள்." நண்பர் ஒருவர் தன் குடும்பத்தின் பழைய பாக வழக்கு ஒன்றின் பிராதை, அதாவது வாதி கொடுத்த மனுவை, இக்காலத் தமிழில் பெயர்த்து வாங்கியிருந்தார். அதில்தான் இந்த வரி. மூலத்தைக் காட்டச் சொன்னேன். நினைத்தது சரி, அங்கே இருந்தது "தாயாதிகள்". பெயர்ப்பை நம்பிய மனிதர் இரண்டு மாதம் பாட்டி பிறந்த ஊரில் போய் இல்லாத கிளையைத் தேடியிருக்கிறார். இதே பிழையை நான் பார்ப்பது மூன்றாவது தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தாயாதியில் தாயும் இல்லை, ஆதியும் இல்லை. 'தாயாத' என்ற வடசொல்லிலிருந்து வந்தது அது. தாயம் என்றால் மரபுவழி வரும் சொத்து. அதில் பங்கு பெறுபவன் தாயாதி. சொத்துப் பிரிவினை பற்றி ஜீமூதவாகனர் எழுதிய வடமொழிச் சட்ட நூலுக்கு 'தாயபாகம்' என்று பெயர் வந்ததும் இந்தத் தாயத்தால்தான். தாயம் என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல, புறநானூற்றின் 75ஆம் பாட்டில் சோழன் நலங்கிள்ளியே 'பழவிறல் தாயம்' என்கிறான். அது தமிழ் வேர்தான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. எழுத்தில் தாய்க்கும் தாயாதிக்கும் ஒரே 'தா' என்பதால்தான் குழப்பம். ஊர்ப் பெரியவர் தாயாதி என்று சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள், முதல் எழுத்து 'தானம்', 'தாகம்' போல மென்மையாக ஒலிக்கும், 'தாத்தா' போல அல்ல. கன்னடத்தில் இந்த வம்பே கிடையாது. அம்மாவைக் குறிக்கும் தாயிக்கு ஒரு எழுத்து, தாயாதிக்கு வேறு எழுத்து. தெலுங்குப் பத்திரிகைகள் இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட்டை 'தாயாதுல போரு' என்று போடும்போது அவர்கள் எந்தத் தாயையும் நினைப்பதில்லை. ஒரே வீட்டுச் சொத்தைப் பிரித்துக்கொண்டு அடித்துக்கொள்கிறவர்களைத்தான் நினைக்கிறார்கள்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? பங்காளி. பங்கு, அதை ஆள்பவன், அவ்வளவுதான். தொழிலாளி, கூட்டாளி வரிசையில் வரும் சொல். "பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு" என்ற பழமொழியை யாரும் அகராதி பார்த்துப் புரிந்துகொள்வதில்லை.

ஆனால் இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் முகம் சுளிக்கிறது. பங்காளி கொச்சையாம். 'தந்தைவழிக் குருதியுறவினர்' என்று போட வேண்டுமாம், அதுதான் துல்லியமாம். நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். துல்லியம் என்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு பிறந்தவள், அவள் மகன் எனக்குத் தந்தைவழியும்தான், குருதியும்தான். அவன் என் பங்காளியா? அவன் மச்சான். அவன் தங்கையை நான் கட்டலாம், பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியுமா? சாவுத் தீட்டிலிருந்து குலதெய்வத்துக்குக் கொடுக்கும் வரி வரை, பங்காளியையும் மச்சானையும் பிரிக்கும் இந்தக் கோடு ஓடுகிறது. இந்தப் புதுச்சொல் அந்தக் கோட்டையே அழித்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், குருதியே இல்லாமல் பங்காளி ஆகிறவன் இருக்கிறான், தத்துப்பிள்ளை. ராமநாதபுரம் ஜமீன் வழக்கு இதற்குப் பேர்போனது. ஜமீன்தாரான சேதுபதி இறந்தபின் அவர் விதவை ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவர் உயிரோடு இருந்தபோது அதற்கு அனுமதி தரவில்லையே, தத்து செல்லுமா என்று வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பங்காளிகளின் சம்மதம் இருந்தால் தென்னாட்டில் செல்லும் என்று 1868இல் தீர்ப்பானது. வெளியிலிருந்து வந்த பிள்ளையைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளும் சம்மதம் பங்காளிகளிடம் இருந்தது. இதில் குருதிக்கு என்ன வேலை?

சிவகங்கை இதற்கு நேர் எதிர். 1801இல் கும்பெனியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) ஜமீன்தாராக்கிய கௌரி வல்லபத் தேவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அண்ணன் பிள்ளைகளின் வழி ஜமீனைப் பிடித்துக்கொண்டது. மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. தந்தைவழிக் குருதி என்று பார்த்தால் மகளைவிட நெருக்கம் யாருக்கு? ஆனாலும் வழக்கில் பங்காளிகள் என்று நின்றவர்கள் அண்ணன் வழியினர், அவள் அல்ல. 1863இல் பிரிவி கவுன்சில் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. அவளையும் பங்காளி என்று கொண்டதால் அல்ல. ஜமீன் தேவருடைய சுயார்ஜிதம், அதாவது முன்னோர் வழி வராமல் அவரே பெற்ற சொத்து; குடும்பம் பிரியாமல் இருந்தாலும் சுயார்ஜிதத்தில் பங்காளிக்கு முந்திய உரிமை கிடையாது, விதவைகளுக்கும் மகளுக்கும்தான் போகும் என்பது காரணம். 'தந்தைவழிக் குருதியுறவினர்' என்று போட்டு இந்த வழக்கைச் சொல்லிப் பாருங்கள். வாதி பிரதிவாதி இருவரும் ஒரே பெயரில் வந்து நிற்பார்கள்.

பங்காளி மேல் எனக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. தஞ்சை, தொண்டை மண்டலத்து மிராசு (ஊர் நிலத்தின் பரம்பரை உரிமை) ஆவணங்களில் ஊரையே பங்காகப் பிரித்து ஆண்டவர்கள் இருந்தார்கள். அங்கே பங்குக்காரர் என்றோ பங்காளி என்றோ வந்தால் சொந்தம் என்று குதித்துவிடக் கூடாது, ஊர்ப்பங்கு வைத்திருந்த யாரோவாகவும் இருக்கலாம். இலங்கைப் பத்திரிகைகளில் பங்காளிக் கட்சி என்றால் கூட்டணிக் கட்சி. சென்னையில் டீக்கடை நண்பனும் பங்காளிதான். இருக்கட்டும், இடம் பார்த்துப் பொருள் கொள்வது படிக்கிறவன் வேலை. போதாவிட்டால் 'தாயாதிப் பங்காளி' என்று சேர்த்து எழுதுங்கள், ஊரில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மகளும் பங்காளியா என்ற கேள்வி இப்போது வேறு மாதிரி. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது, அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த வேலியையும் எடுத்தது. சட்டப்படி அவள் பங்காளிதான். கோயில் வரி எழுதும் நோட்டில் இன்னும் இல்லை.

கோபம் மொழிபெயர்ப்பாளர்கள் மேல்தான். ஆங்கிலத்தில் 'கசின்' என்ற ஒரே சொல்லில் பங்காளியும் மச்சானும் கலந்து கிடக்கிறார்கள். அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போதாவது பிரிக்க வேண்டாமா? 'நெருங்கிய உறவினர்' என்று மெழுகிவிட்டுப் போகிறார்கள். பங்காளியைக் கொச்சை என்று தள்ளுகிற தூய்மைக்காரர்கள் அடுத்த வரியிலேயே 'வாரிசு' என்று எழுதுகிறார்கள். அது அரபுச் சொல் என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

நண்பரின் கதைக்கு வருகிறேன். பிராதை ஓரமாக வைத்துவிட்டு, அதே நிலத்தின் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் செக்குபந்தியைப் படிக்கச் சொன்னேன். நிலத்தின் நான்கு எல்லையையும் எழுதும் பகுதி அது. பழைய பத்திரங்களில் உறவு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும், ஏனென்றால் அண்ணன் பாகத்துக்கு அடுத்து தம்பி பாகம்தானே வரும். "இன்னார் பாகத்துக்கு மேற்கு" என்று ஒரு வரி இருந்தது. அந்த இன்னார் இரண்டாம் பிரதிவாதியின் தகப்பன், நண்பரின் பாட்டனாருக்குச் சித்தப்பா. கொடிவழி வரைந்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தச் சித்தப்பாவின் பேரன் நண்பருக்கு மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறாராம், பேச்சு வார்த்தை கிடையாது.