சிலைத் திறப்பு விழா மலர்களை லேமினேட் செய்யாதீர்கள்

1968 ஜனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரினாவில் திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி, பாரதியார் முதலியோரின் சிலைகள் திறக்கப்பட்டன. அந்நாளில் அச்சிட்ட விழா மலர்களும் அழைப்பிதழ்களும் பேட்ஜுகளும் இன்றும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. பழந்தாள்களைச் செப்பனிடுவது என் தொழில். இத்தகைய பொருள்களை என்னிடம் கொண்டுவருவோரில் பலர், பாதுகாப்பதாக எண்ணி அவற்றுக்கு ஏற்கெனவே ஒரு தீங்கைச் செய்துவிட்டே வருகிறார்கள்.

அவற்றுள் கொடியது லேமினேஷன். சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தாளின் நார்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்வதால், பின்னர் அதைப் பிரிக்க முயன்றால் அச்சு மையும் சேர்ந்தே உரிந்து வந்துவிடுகிறது. செல்லோடேப்பின் பசையோ சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் ஊறி, எழுத்தின் மேல் எண்ணெய்க்கறை போல நிலைத்துவிடும். கடலோர ஊர்களில் மலரின் நடுவே அடித்த ஸ்டேப்ளர் பின்களும் விரைவில் துருப்பிடிக்கும். துருவைச் சுற்றியுள்ள தாள் தொட்டாலே பொடியும். பின்னை இழுக்காமல், பின்புறக் கால்களை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் தைப்பதே முறை.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கண்ணகி சிலையையே காட்டுவேன். 2001 டிசம்பரில் அகற்றப்பட்ட அச்சிலை 2006 ஜூனில்தான் மீண்டும் நிறுவப்பட்டது. சிலையே பார்வைக்கு இல்லாத அந்த ஆண்டுகளில், அது எந்தப் பீடத்தில் எப்படி நின்றது என்பதற்குப் பழைய படங்களும் அச்சுத்தாள்களுமே சான்று. விழாவில் யார் கலந்துகொண்டார் என்பதற்கு அழைப்பிதழ் மட்டும் போதாது, ஏனெனில் அது விழாவுக்கு முன்பே அச்சானது. அதில் பெயர் உள்ளவர் கடைசி நேரத்தில் வராமற்போயிருக்கலாம். மறுநாள் நாளிதழின் நறுக்கையும் அதனுடன் சேர்த்து வையுங்கள். மலரின் விளம்பரப் பக்கங்களைக் கிழித்தெறிந்துவிட்டுக் கட்டுரைகளை மட்டும் பைண்டிங் செய்துகொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கும். யார் பணம் தந்து அம்மலர் வெளிவந்தது, அவ்வூரில் எந்தெந்தக் கடைகளும் அச்சகங்களும் இருந்தன என்பதெல்லாம் அப்பக்கங்களில்தானே இருக்கிறது!

பித்தளைப் பதக்கங்களைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம். பளபளப்பு வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் புடைப்பெழுத்து சிறிது தேயும். மென்மையான பருத்தித் துணியால் துடைத்தாலே போதும்.

கன்னியாகுமரியில் 133 அடி உயர வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டபோது எடுத்த வண்ணப்படங்கள் பசைப்பக்க ஆல்பத்தில் இருந்தால், இப்போதே எடுத்துவிடுங்கள். பிய்க்காமல், மெழுகு பூசாத பல்லிடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) படத்தின் அடியில் செலுத்தி, மெதுவாக அறுத்துப் பிரிக்கலாம். பிறகு யார் எடுத்தது, உடன் நிற்பவர் யார் என்பதை அமிலமற்ற தாளுறையின் மேல் பென்சிலால் எழுதிவிட்டு, அதன் பின்னரே படத்தை உறைக்குள் இடுங்கள்.

வீட்டில் வைத்துக் காக்க இயலாதவர்கள், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன், பழைய தமிழ் அச்சுப் பொருள்களைத் திரட்டிக் காக்கும், சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.