சாட்சி: ஒரு சொல் விளக்கம்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஜெபக் கூட்டங்களில் பாட்டு முடிந்ததும் ‘யாராவது சாட்சி சொல்லலாம்’ என்பார்கள். நோய் தீர்ந்தது, குடியை விட்டது, மகனுக்கு கல்ஃபில் வேலை கிடைத்தது என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததாக ஒருவர் நம்புவதைத் தன் வாயாலேயே சொல்வதுதான் கிறிஸ்தவப் பேச்சில் சாட்சி. அதற்குக் கூட்டம் வேண்டும் என்றில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொல்லலாம்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. ‘ஸ’ என்றால் உடன், ‘அக்ஷ’ என்றால் கண். கண்ணால் கண்டவர் ‘ஸாக்ஷி’. பிரசங்கத்துக்கும் சாட்சிக்கும் உள்ள வேறுபாடு இந்த வேரிலேயே இருக்கிறது. பிரசங்கி வசனத்தை விளக்குவார். சாட்சிக்குத் தான் கண்டதைத் தாண்டிப் பேச உரிமை இல்லை. பைபிளில் யோவான் 9-ஆம் அதிகாரத்தில், இயேசுவால் பார்வை பெற்றவனை யூத மதத் தலைவர்களான பரிசேயர் குடைந்து குடைந்து கேட்கிறார்கள். இயேசு பாவியா இல்லையா என்பது தனக்குத் தெரியாது, குருடனாக இருந்தேன், இப்போது பார்க்கிறேன், அது ஒன்றுதான் தெரியும் என்கிறான். வாதத்தில் இறங்கவே இல்லை. டீக்கடையில் சாட்சி சொல்லத் தொடங்கி எதிராளியின் மதத்தை அலசப் போகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு ‘மார்த்துஸ்’ என்று பெயர். முதலில் வெறும் சாட்சிதான். விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களையும் பிறகு அப்படியே அழைத்தார்கள். தமிழில் அவர்களை இரத்தசாட்சி என்கிறோம். கத்தோலிக்கர் மறைசாட்சி என்பார்கள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை இந்த மண்ணின் மறைசாட்சி. 1741 குளச்சல் போருக்குப் பின் திருவிதாங்கூரிடம் சிறைப்பட்ட டச்சு அதிகாரி டி லனாய், இழப்புகளால் மனம் நொந்திருந்த பிள்ளைக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வரலாறு. கோயில் மேடையில் இல்லை, இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தபோது. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

களியக்காவிளை தாண்டினால் இதே சொல் வேறு உடுப்பில் நிற்கிறது. கேரளத்தில் கட்சிக்காக உயிர்விட்டவரும் ‘ரக்தசாக்ஷி’தான், செங்கொடியோடு நினைவு மண்டபம் இருக்கும். நாம் அவரைத் தியாகி என்போம். மலையாளத்தில் இன்னொரு வசதி, சொல்லும் ஆள் ‘சாக்ஷி’, சொல்லப்படுவது ‘சாக்ஷ்யம்’. நம் நீதிமன்றச் செய்திகளிலும் ‘சாட்சியம் அளித்தார்’ என்று பிரித்து எழுதுகிறார்கள். சபைத் தமிழில் மட்டும் இரண்டுக்கும் சாட்சியே. அது போதாதென்று ஒருவரின் நடத்தைக்கும் அதே சொல். ‘ஆளு நல்லா பேசுவார், ஆனா சாட்சி இல்ல’ என்று ஊரில் சொன்னால், பேச்சுக்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தமில்லை என்று பொருள். (சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்ற பழமொழிக்கும் சபைக்கும் தொடர்பில்லை; அது வழக்காடிய ஊரார் பட்ட பாடு.)

சரி, தமிழ்ச் சொல்? சான்று. 1995-இல் வந்த திருவிவிலியம் ‘சான்று பகர’ என்று எழுதுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் ‘சாட்சி கொடுக்க’. எழுத்துக்குச் சான்று பகர்தல் நன்றாகவே பொருந்துகிறது. பேச்சில் அது ஒட்டாது. சான்று என்றதும் சாதிச் சான்றிதழும் இருப்பிடச் சான்றிதழும்தான் நினைவுக்கு வரும். வாய்ப்பேச்சுக்குச் சாட்சியையே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

இவற்றைவிடப் பழைய சொல் ஒன்று உண்டு: கரி. ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது குறள். கரித்துண்டும் யானையும் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டதால் இனி அது திரும்புவது கடினம். ஆனால் ‘பொய்க்கரியாளர்’ என்ற சிலப்பதிகாரச் சொல் மட்டும் மீண்டு வந்தால் நல்லது. அதில் வரும் புகார் நகரத்து நாற்சந்தியின் சதுக்கப் பூதம் அடித்துத் தின்னும் ஆட்களின் பட்டியலில் பொய்ச்சாட்சி சொல்பவர்களும் உண்டு. நடந்த கதைக்கு வாரத்துக்கு வாரம் மசாலா கூட்டுகிற நம்மூர்ச் சாட்சிக்காரர்கள் சிலரை வேறு எப்படி அழைப்பது?